டெம்பிளர் சபை வழக்கு

டெம்பிளர் சபை வழக்கு என்பது 1307 முதல் 1314 வரை பிரான்சிலும் பிற ஐரோப்பிய நாடுகளிலும், டெம்பிளர் சபை எனப்பட்ட துறவற வீரர் சபையின்மீது நடத்தப்பட்ட சமயக் குற்ற விசாரணைகளைக் குறிக்கும். பிரான்சின் அரசர் நான்காம் பிலிப் இவ்வழக்கைத் தொடங்கினார். சபையினர் கிறித்துவை மறுதலித்தனர், சிலுவையை அவமதித்தனர், சிலையை வணங்கினர் என்பன முதன்மையான குற்றச்சாட்டுகள். 1312 ஆம் ஆண்டில் திருத்தந்தை ஐந்தாம் கிளெமென்ட் சபையைக் கலைத்தார். 1314 ஆம் ஆண்டில் அதன் கடைசிப் பெருந்தலைவர் ஜாக் டி மொலே பாரிசில் உயிருடன் எரிக்கப்பட்டார். எனினும், சபை குற்றவாளி என்ற தீர்ப்பு எப்போதும் வழங்கப்படவில்லை.

இடைக்கால ஐரோப்பாவில் திரிபுக்கொள்கைக் குற்றச்சாட்டு அரசியல் கருவியாகப் பயன்பட்டமைக்கு மிக விரிவான ஆவணங்களுடன் கிடைக்கும் சான்றுகளுள் இவ்வழக்கும் ஒன்று. வேறு எந்தக் குற்றத்தின் பெயராலும் ஓர் அரசரால் தொட முடியாதிருந்த ஒரு சபையை, இந்த ஒரு குற்றச்சாட்டு ஐந்தே ஆண்டுகளில் இல்லாமல் ஆக்கியது.

திரிபுக்கொள்கையும் சட்டமும்

திருச்சபையின் போதனைக்கு மாறான கருத்தை, அது தவறு என எடுத்துரைக்கப்பட்ட பின்னரும் பிடிவாதமாகக் கைக்கொள்வது திரிபுக்கொள்கை எனப்பட்டது. பழைய தமிழ்க் கிறித்தவ நூல்களில் இது தப்பறை, பேதகம் ஆகிய சொற்களாலும் குறிக்கப்படுகிறது. வெறும் அறியாமையோ ஐயமோ திரிபுக்கொள்கை ஆகாது. பிடிவாதமே அதன் இலக்கணம். எனவே தவற்றை ஒப்புக்கொண்டு வருந்துபவரைத் திருச்சபை மீண்டும் ஏற்றுக்கொண்டது. மறுப்பவரும், ஒருமுறை வருந்திய பின் மீண்டும் அதே தவற்றில் வீழ்ந்தவரும் அரச அதிகாரிகளிடம் ஒப்படைக்கப்பட்டனர். அவர்களுக்குரிய தண்டனை தீயிலிட்டு எரித்தல்.

12, 13 ஆம் நூற்றாண்டுகளில் இக்குற்றத்திற்கான சட்டங்கள் படிப்படியாகக் கடுமையாயின. 1199 இல் திருத்தந்தை மூன்றாம் இன்னசென்ட் வெளியிட்ட ஆணை, திரிபுக்கொள்கையை அரசத் துரோகத்திற்கு ஒப்பிட்டு, குற்றவாளியின் சொத்துகளைப் பறிமுதல் செய்ய வழிவகுத்தது. 1230களில் திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரி சமய விசாரணையாளர்களை நியமித்தார். இவர்களுள் பெரும்பாலோர் தொமினிக்கன் சபைத் துறவிகள். 1252 இல் திருத்தந்தை நான்காம் இன்னசென்ட் இவ்விசாரணைகளில் சித்திரவதைக்கு அனுமதி அளித்தார்.

இவ்வாறு உருவான விசாரணை முறை, வேறு வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு இருந்த பாதுகாப்புகளை நீக்கியது. குற்றம் சாட்டியவர், சாட்சி கூறியவர் ஆகியோரின் பெயர்கள் மறைக்கப்படலாம். பிற நீதிமன்றங்கள் ஏற்காத சாட்சிகளும் இங்கே ஏற்கப்படலாம். வழக்குரைஞரின் துணை அரிதாகவே கிடைத்தது. சந்தேகமே கைதுக்குப் போதுமானதாக இருந்தது.

இச்சட்டங்கள் பிரான்சின் தென்பகுதியில் பரவியிருந்த கத்தார் இயக்கத்தை ஒடுக்கும் நோக்கில் வளர்ந்தவை. அங்கேயே அவற்றின் அரசியல் பயனும் வெளிப்பட்டது. 1209 இல் தொடங்கிய ஆல்பிஜென்சியச் சிலுவைப் போர், திரிபுக்கொள்கையை ஒழிப்பதற்காக அறிவிக்கப்பட்டது. 1229 இல் கையெழுத்தான பாரிஸ் உடன்படிக்கையுடன் அது முடிவுற்றபோது, துலூஸ் கோமகனின் நிலங்களில் பெரும்பகுதி பிரெஞ்சு அரசுரிமையின்கீழ் வந்திருந்தது. திருத்தந்தையரும் இக்கருவியைப் பயன்படுத்தினர். 1245 இல் பேரரசர் இரண்டாம் பிரெடரிக்கைப் பதவி நீக்கிய தீர்ப்பில் திரிபுக்கொள்கை பற்றிய சந்தேகமும் ஒரு காரணமாகக் கூறப்பட்டது.

டெம்பிளர் சபை

முதலாம் சிலுவைப் போருக்குப் பின், ஏறத்தாழ 1119 இல், எருசலேமுக்கு வந்த திருப்பயணிகளைப் பாதுகாக்க ஹியூ டி பயன் என்ற வீரரும் அவருடைய தோழர்களும் ஏற்படுத்திய அமைப்பே டெம்பிளர் சபை. இதன் உறுப்பினர்கள் துறவிகளைப் போல ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் ஆகிய வாக்குறுதிகளை எடுத்துக்கொண்டனர். அதே வேளையில் ஆயுதம் ஏந்திப் போரிட்டனர். 1129 இல் துருவா நகரில் கூடிய சங்கம் சபைக்கு ஒழுங்குவிதிகளை வழங்கியது. 1139 இல் திருத்தந்தை இரண்டாம் இன்னசென்ட் சபையைத் தம் நேரடிப் பாதுகாப்பின்கீழ்க் கொண்டுவந்தார். அதன்பின் சபை, ஆயர்களுக்கோ அரசர்களுக்கோ கட்டுப்படாமல் திருத்தந்தை ஒருவருக்கே பதில்கூறக் கடமைப்பட்டதாக இருந்தது.

ஐரோப்பா முழுவதும் நன்கொடையாகக் கிடைத்த நிலங்களும், கிழக்கே பணம் அனுப்பும் வசதியும் சபையை ஒரு பெரும் நிதி நிறுவனமாக வளர்த்தன. பாரிசிலிருந்த அதன் கோட்டையில் பிரெஞ்சு அரசரின் கருவூலமே நெடுங்காலம் வைக்கப்பட்டிருந்தது.

1291 இல் ஏக்கர் நகரம் மம்லூக்கியரிடம் வீழ்ந்ததும் புனித நாட்டில் சிலுவைப் போராளிகளின் ஆட்சி முடிவுக்கு வந்தது. சபை தன் தலைமையிடத்தைச் சைப்பிரசுக்கு மாற்றியது. எதற்காகத் தோன்றியதோ அந்தப் பணி இல்லாமற் போனபின், சபையின் செல்வமும் சலுகைகளும் கண்டனத்துக்குள்ளாயின. டெம்பிளர் சபையையும் அதன் போட்டிச் சபையான ஹாஸ்பிட்டலர் சபையையும் ஒன்றாக இணைக்கவேண்டும் என்ற கருத்து பரவலாகப் பேசப்பட்டது. ஜாக் டி மொலே அதனை எதிர்த்தார்.

நான்காம் பிலிப்பின் முந்தைய வழக்குகள்

நான்காம் பிலிப் (ஆட்சி 1285–1314), புனிதராக அறிவிக்கப்பட்ட ஒன்பதாம் லூயியின் பேரன். இங்கிலாந்துடனும் பிளாண்டர்சுடனும் நடத்திய போர்களால் அவருடைய அரசு தொடர்ந்து பணத் தட்டுப்பாட்டில் இருந்தது. நாணயங்களின் வெள்ளி அளவு குறைக்கப்பட்டது. 1306 இல் யூதர்கள் நாட்டிலிருந்து வெளியேற்றப்பட்டு அவர்களுடைய சொத்துகள் பறிமுதல் செய்யப்பட்டன. அதே ஆண்டில் நாணய மாற்றத்தை எதிர்த்துப் பாரிசில் கலகம் மூண்டபோது, அரசர் டெம்பிளர் கோட்டையிலேயே அடைக்கலம் புகுந்தார்.

டெம்பிளர் வழக்கிற்கு முன்பே பிலிப்பின் அரசவை சமயக் குற்றச்சாட்டைக் கையாண்டிருந்தது. குருக்கள்மீது வரி விதிக்கும் உரிமை தொடர்பாகத் திருத்தந்தை எட்டாம் பொனிஃபாசுக்கும் அரசருக்கும் 1296 முதல் பூசல் நிலவியது. 1303 மார்ச்சில் அரசரின் சட்ட அறிஞர் கியோம் டி நொகரே, பொனிஃபாஸ் முறையான திருத்தந்தை அல்லர் என்றும் திரிபுக்கொள்கையர் என்றும் குற்றம் சாட்டினார். திருத்தந்தையை விசாரிக்கும் அதிகாரம் எந்த அரசருக்கும் இல்லை. ஆயினும், திரிபுக்கொள்கைக்காகப் பொதுச்சங்கம் திருத்தந்தையையும் விசாரிக்கலாம் என்ற கருத்து திருச்சபைச் சட்ட அறிஞரிடையே நிலவியது. நொகரே பயன்படுத்திய வாயில் இதுவே. 1303 செப்டம்பரில் அவர் படையுடன் சென்று அனாக்னி நகரில் பொனிஃபாசைச் சிறைப்பிடித்தார். நகர மக்கள் திருத்தந்தையை விடுவித்தனர்; ஆனால் அவர் அடுத்த மாதமே இறந்தார்.

1305 இல் பிரெஞ்சுக்காரரான ஐந்தாம் கிளெமென்ட் திருத்தந்தை ஆனார். இறந்துபோன பொனிஃபாஸ்மீது வழக்கு நடத்தவேண்டும் என்று பிலிப் அவரைத் தொடர்ந்து வற்புறுத்தினார். ஒரு திருத்தந்தை திரிபுக்கொள்கையராக இருந்தார் என்று தீர்ப்பாகுமானால், அவர் வெளியிட்ட ஆணைகளும் திருத்தந்தைப் பதவியின் மதிப்பும் கேள்விக்குள்ளாகும். டெம்பிளர் வழக்கு முழுவதிலும் இந்த அச்சுறுத்தல் கிளெமென்டைப் பின்தொடர்ந்தது.

கைது

சபையைப் பற்றிய குற்றச்சாட்டுகளை முதலில் கொண்டுவந்தவர் எஸ்க்கின் டி ஃப்ளோரான் என்பவர். 1305 இல் அவர் அரகோன் அரசர் இரண்டாம் ஜேம்சிடம் அவற்றைக் கூறியபோது ஜேம்ஸ் நம்பவில்லை. பின்னர் அவை பிலிப்பின் அவையை அடைந்தன. 1307 ஆகஸ்டில், இக்குற்றச்சாட்டுகள் குறித்துத் தாமே விசாரணை நடத்தப்போவதாகக் கிளெமென்ட் பிலிப்புக்கு எழுதினார்.

அந்த விசாரணைக்கு அரசர் காத்திருக்கவில்லை. 1307 செப்டம்பர் 14 நாளிட்ட இரகசிய ஆணைகள் நாடெங்குமுள்ள அரச அதிகாரிகளுக்கு அனுப்பப்பட்டன. அக்டோபர் 13, வெள்ளிக்கிழமை விடியலில் பிரான்சிலிருந்த டெம்பிளர்கள் ஒரே நேரத்தில் கைது செய்யப்பட்டனர். அதற்கு முந்தைய நாள், அரசரின் தம்பி மனைவியான கத்தரீன் டி கூர்த்தனேயின் அடக்கச் சடங்கில் ஜாக் டி மொலே சவப்பெட்டித் துணியைப் பிடிக்கும் மரியாதையைப் பெற்றிருந்தார்.

திருத்தந்தைக்கு மட்டுமே கட்டுப்பட்ட சபையைக் கைது செய்ய அரசருக்கு உரிமை இல்லை. இக்குறையை மறைக்க, பிரான்சின் சமய விசாரணையாளரான தொமினிக்கன் துறவி கியோம் டி பாரிஸ் கேட்டுக்கொண்டதன்பேரிலேயே கைது நடைபெறுவதாக ஆணையில் கூறப்பட்டிருந்தது. அத்துறவி அரசரின் பாவமன்னிப்புக் குருவாகவும் இருந்தவர். அதே ஆணை, கைதானோரின் சொத்துகளைக் கணக்கெடுத்து அரசக் காவலில் வைக்குமாறும் கூறியது.

குற்றச்சாட்டுகள்

1308 ஆகஸ்டில் இறுதி வடிவம் பெற்ற குற்றப் பட்டியலில் 127 பிரிவுகள் இருந்தன. அவற்றுள் முக்கியமானவை:

- சபையில் சேரும்போது கிறித்துவை மறுதலித்துச் சிலுவைமீது துப்புதல்.
- சேருபவரும் சேர்ப்பவரும் தகாத முறையில் முத்தமிட்டுக்கொள்ளுதல்.
- சபையினரிடையே ஓரினச் சேர்க்கை அனுமதிக்கப்பட்டிருத்தல்.
- தலை வடிவிலான ஒரு சிலையை வணங்குதல்.
- சபைக் குருக்கள் திருப்பலியில் நற்கருணைக்குரிய வசீகர வார்த்தைகளை விட்டுவிடுதல்.
- குருக்கள் அல்லாத சபைத் தலைவர்கள் பாவமன்னிப்பு வழங்குதல்.
- சபைக் கூட்டங்களை இரவில் மறைவாக நடத்துதல்.

இவற்றுட் பல புதியன அல்ல. இரவுக் கூட்டம், தகாத முத்தம், சிலை வணக்கம் ஆகியவை கத்தார்கள்மீதும் பிற குழுக்கள்மீதும் முன்பே சுமத்தப்பட்டவை. சபையின் சேர்ப்புச் சடங்கு உண்மையிலேயே வெளியாருக்கு மூடப்பட்டிருந்தது; அந்த மறைவே இக்கதைகள் பரவுவதற்கு இடமளித்தது. பிரான்சில் எங்கும் தேடியும், ஒப்புதல்களில் கூறப்பட்டதைப் போன்ற சிலை கிடைக்கவில்லை. அதன் தோற்றத்தைக் கூறியவர்களின் வருணனைகளும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை.

சித்திரவதையும் ஒப்புதலும்

கைதானோர் முதலில் அரச அதிகாரிகளாலும் பின்னர் சமய விசாரணையாளர்களாலும் விசாரிக்கப்பட்டனர். உண்மையை ஒப்புக்கொண்டால் மன்னிப்பு, மறுத்தால் மரணம் என்று அவர்களிடம் கூறவேண்டும் என அரச ஆணை அறிவுறுத்தியிருந்தது. 1307 அக்டோபர், நவம்பர் மாதங்களில் பாரிசில் விசாரிக்கப்பட்ட 138 பேரில் 134 பேர் குற்றச்சாட்டுகளில் ஏதேனும் ஒன்றையாவது ஒப்புக்கொண்டனர். அக்டோபர் 24 அன்று ஜாக் டி மொலேயும், தாம் சபையில் சேர்ந்தபோது கிறித்துவை மறுதலித்ததாகக் கூறினார். பெருந்தலைவரின் ஒப்புதல் உடனே விளம்பரப்படுத்தப்பட்டது.

இந்த ஒப்புதல்கள் எவ்வாறு பெறப்பட்டன என்பது இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னரே ஆவணத்தில் பதிவாயிற்று. கைகள் முதுகுக்குப்பின் இறுகக் கட்டப்பட்டதால் நகக்கண்களில் இரத்தம் வடிந்த நிலையில் தாம் ஒரு குழியில் வைக்கப்பட்டிருந்ததாகப் பொன்சார் டி ஜிசி என்பவர் 1309 நவம்பரில் திருத்தந்தையின் ஆணைக்குழுவிடம் கூறினார். பாரிசில் 36 சபையினர் சித்திரவதையால் இறந்தனர் என்றும் அவர் தெரிவித்தார். மற்றொருவர், தம் பாதங்கள் நெருப்பில் காட்டப்பட்டதால் குதிகாலிலிருந்து கழன்று விழுந்த எலும்புகளை ஆணைக்குழுவின்முன் எடுத்துக்காட்டினார்.

அரசரும் திருத்தந்தையும்

தம்மைக் கேளாமல் நடந்த கைதைக் கிளெமென்ட் கண்டித்தார். ஆயினும் ஒப்புதல்கள் வெளிவந்தபின், வழக்கைத் தம் கைக்குக் கொண்டுவர முயன்று, 1307 நவம்பர் 22 அன்று எல்லா நாடுகளிலும் டெம்பிளர்களைக் கைது செய்யுமாறு கிறித்தவ அரசர்களுக்கு ஆணையிட்டார். திருத்தந்தை அனுப்பிய கர்தினால்களின்முன் மொலேயும் வேறு பலரும் தம் ஒப்புதலைத் திரும்பப் பெற்றனர். 1308 பிப்ரவரியில் கிளெமென்ட் பிரான்சின் சமய விசாரணையாளர்களின் அதிகாரத்தை நிறுத்திவைத்தார்.

அரசர் இரண்டு வழிகளில் இதற்கு மறுமொழி கொடுத்தார். முதலாவதாக, திரிபுக்கொள்கையருக்கு எதிராக அரசரே நடவடிக்கை எடுக்கலாமா என்று பாரிஸ் பல்கலைக்கழக இறையியல் ஆசிரியர்களிடம் கேட்டார். அவர்கள் 1308 மார்ச் 25 அன்று அளித்த விடை அரசருக்கு உவப்பாக இல்லை. உடனடி ஆபத்து இருந்தால் கைது செய்யலாம். ஆனால் விசாரிக்கும் உரிமை திருச்சபைக்கே உண்டு. சொத்துகள் புனித நாட்டின் பாதுகாப்புக்கே செலவிடப்படவேண்டும் என்று அவர்கள் கூறினர். இரண்டாவதாக, 1308 மே மாதம் தூர் நகரில் நாட்டின் பெருமன்றத்தைக் கூட்டிப் பொதுமக்கள் ஆதரவைத் திரட்டினார். பின் பெரும் பரிவாரத்துடன் திருத்தந்தை தங்கியிருந்த புவாத்தியே நகருக்குச் சென்றார். அங்கே கியோம் டி பிளேசியான் என்ற அரச வழக்குரைஞர், திருத்தந்தை தாமதித்தால் அவரும் திரிபுக்கொள்கையருக்குத் துணைபோகிறவராகக் கருதப்படுவார் என்ற பொருள்பட மிரட்டிப் பேசினார். குற்றம் சாட்டப்பட்டவரை மட்டுமன்றி, அவரைக் காப்பவரையும் அவருக்காகத் தயங்குபவரையும் பற்றிக்கொள்ளும் தன்மை இக்குற்றச்சாட்டுக்கு இருந்தது.

தேர்ந்தெடுக்கப்பட்ட 72 டெம்பிளர்கள் திருத்தந்தையின்முன் கொண்டுவரப்பட்டனர். அவர்களின் ஒப்புதலைக் கேட்டபின் கிளெமென்ட் இணங்கினார். விசாரணை இரண்டாகப் பிரிக்கப்பட்டது. தனி மனிதர்களை அந்தந்த மறைமாவட்ட ஆயர்களும் மாகாணச் சங்கங்களும் விசாரிப்பர்; சபையை ஓர் அமைப்பாகத் திருத்தந்தையின் ஆணைக்குழுக்கள் விசாரிக்கும். பெருந்தலைவர்கள் சிலரைப் பற்றிய தீர்ப்பு திருத்தந்தைக்கே உரியது. 1308 ஆகஸ்டில் ஷினோன் கோட்டையில் மூன்று கர்தினால்கள் மொலே உள்ளிட்ட தலைவர்களை விசாரித்து, அவர்கள் மனம் வருந்தியதால் திருச்சபை விலக்கிலிருந்து விடுவித்தனர். இதனைப் பதிவு செய்த தோலாவணம் 2001 இல் வத்திக்கான் ஆவணக் காப்பகத்தில் பார்பரா ஃபிராலே என்ற ஆய்வாளரால் அடையாளம் காணப்பட்டது.

பாரிஸ் ஆணைக்குழு

திருத்தந்தையின் ஆணைக்குழு 1309 நவம்பரில் பாரிசில் விசாரணையைத் தொடங்கியது. நார்போன் பேராயர் ஜில் ஐஸ்லான் அதன் தலைவர். ஜாக் டி மொலே, தாம் எழுத்தறிவற்ற ஏழை வீரர் எனக் கூறி, திருத்தந்தையின் முன்னிலையில் மட்டுமே பேசப்போவதாகத் தெரிவித்தார். அந்த வாய்ப்பு அவருக்கு அளிக்கப்படவே இல்லை.

ஆனால் தலைவர் தயங்கிய இடத்தில் சாதாரண உறுப்பினர்கள் முன்வந்தனர். 1310 மே மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 600 பேர் சபைக்காக வாதாட இசைந்திருந்தனர். பியேர் டி பொலோஞ், ரெனோ டி புரோவான் என்ற இரு குருக்களும், இரண்டு வீரர்களும் அவர்கள் சார்பில் பேசினர். ஒப்புதல்கள் சித்திரவதையாலும் அச்சத்தாலும் பெறப்பட்டவை. பிரான்சுக்கு வெளியே ஏன் எவரும் இவற்றை ஒப்புக்கொள்ளவில்லை என்று கேட்டால் உண்மை விளங்கும். விசாரணை நடக்கும் இடத்தில் அரசரின் ஆட்கள் இருக்கக்கூடாது என்பன அவர்களுடைய வாதங்கள். விசாரணை முதல் தடவையாகச் சபைக்குச் சாதகமாகத் திரும்பியது.

1310 மே 12

ஆணைக்குழுவால் சாட்சிகளைப் பாதுகாக்க முடியவில்லை. ஏனெனில் அதே மனிதர்கள் தனிநபர்களாக மாகாணச் சங்கத்தின் விசாரணைக்கும் உட்பட்டவர்கள். பாரிஸ் மறைமாவட்டம் சான்ஸ் பேராயரின் கீழ் இருந்தது. அப்போதைய சான்ஸ் பேராயர் பிலிப் டி மரிஞி, அரசரின் முதன்மை அமைச்சர் ஆங்கெரான் டி மரிஞியின் உடன்பிறந்தவர். அரசரின் செல்வாக்கால் அண்மையில் அப்பதவிக்கு வந்தவர்.

பேராயர் தம் சங்கத்தைப் பாரிசில் கூட்டினார். மே 10 ஞாயிறன்று சபையின் வாதிகள் ஆபத்தை உணர்ந்து ஆணைக்குழுவிடம் முறையிட்டனர். ஜில் ஐஸ்லான், தாம் திருப்பலிக்குச் செல்லவேண்டும் என்று கூறி எழுந்து சென்றார். எஞ்சிய உறுப்பினர்கள் சங்கத்தைத் தடுக்கும் அதிகாரம் தங்களுக்கு இல்லை என்றனர். மே 12 அன்று, தம் முந்தைய ஒப்புதலைத் திரும்பப் பெற்றிருந்த 54 டெம்பிளர்கள் பாரிஸ் நகருக்கு வெளியே சாந்த் அந்துவான் பகுதியிலுள்ள வயலில் எரித்துக் கொல்லப்பட்டனர்.

அவர்கள் கொல்லப்பட்ட சட்டக் காரணம் கவனிக்கத்தக்கது. ஒப்புதல் அளித்தவர் தம் தவற்றைக் கைவிட்டவராகக் கருதப்பட்டார். ஆகவே அந்த ஒப்புதலை மறுத்தவர் மீண்டும் திரிபுக்கொள்கையில் வீழ்ந்தவர் என்று சங்கம் கொண்டது. இந்த விளக்கத்தைப் பாரிஸ் இறையியல் ஆசிரியர்கள் எல்லோரும் ஏற்கவில்லை. இதன் விளைவு மூன்று வகைத் தண்டனைகளாக அமைந்தது:

- ஒப்புதலில் உறுதியாக நின்றவர்கள் தவமுயற்சி விதிக்கப்பட்டு விடுவிக்கப்பட்டனர்.
- தொடக்கத்திலிருந்தே எதையும் ஒப்புக்கொள்ளாதவர்கள் சிறையில் அடைக்கப்பட்டனர்.
- ஒப்புக்கொண்டு, பின் அது பொய் என்று கூறியவர்கள் எரிக்கப்பட்டனர்.

அதாவது, குற்றம் செய்ததாகச் சொன்னவர் வீடு திரும்பினார். சித்திரவதை நடந்தது என்று சொன்னவர் உயிரிழந்தார்.

மறுநாள் ஆணைக்குழுவின்முன் எமெரி டி வில்லியே-லெ-டுக் என்ற டெம்பிளர் நிறுத்தப்பட்டார். ஐம்பது வயதளவிலான அவர் முகம் வெளிறி நடுங்கினார். தம் தோழர்களை வண்டிகளில் கொண்டு சென்றதைப் பார்த்ததாகவும், குற்றச்சாட்டுகள் யாவும் பொய் என்றும், ஆனால் தீக்கு அஞ்சுவதால், கேட்கப்பட்டால் ஆண்டவரைக் கொன்றதாகவும் ஒப்புக்கொள்ளக்கூடும் என்றும் அவர் கூறினார். தம் சொற்களை அரச அதிகாரிகளிடம் வெளியிடவேண்டாம் என்று வேண்டிக்கொண்டார். ஆணைக்குழு விசாரணையைச் சில மாதங்கள் ஒத்திவைத்தது. மீண்டும் கூடியபோது பியேர் டி பொலோஞ் காணாமற் போயிருந்தார். வாதாட முன்வந்தவர்களிற் பெரும்பாலோர் விலகிக்கொண்டனர். 1311 சூனில் பணி முடியும்வரை ஆணைக்குழு 231 சாட்சிகளை விசாரித்திருந்தது.

பிற நாடுகளில்

பிரான்சுக்கு வெளியே வழக்கு வேறு விதமாக அமைந்தது. சித்திரவதை பயன்படுத்தப்படாத இடங்களில் ஒப்புதல்கள் மிகக் குறைவாகவே கிடைத்தன.

இங்கிலாந்தில் அரசர் இரண்டாம் எட்வர்ட் முதலில் குற்றச்சாட்டுகளை நம்ப மறுத்து, பிற அரசர்களுக்கும் அவ்வாறே எழுதினார். திருத்தந்தையின் ஆணை வந்தபின் 1308 சனவரியில் கைதுகள் நடைபெற்றன. அந்நாட்டுப் பொதுச் சட்டத்தில் சித்திரவதைக்கு இடமில்லை. 1309 இல் வந்த சமய விசாரணையாளர்கள் இதுபற்றிக் குறை கூறினர். இறுதியில், 1311 இல், மூவர் மட்டுமே முக்கியக் குற்றங்களை ஒப்புக்கொண்டனர்.

அரகோனில் டெம்பிளர்கள் சிலர் தங்கள் கோட்டைகளில் இருந்து எதிர்த்து நின்றனர். 1309 இல் மோன்சோன் கோட்டை பணிந்தது. 1312 இல் தர்ரகோனா நகரில் கூடிய சங்கம் அங்குள்ள டெம்பிளர்கள் குற்றமற்றவர்கள் என அறிவித்தது. சைப்பிரசில் விசாரிக்கப்பட்ட 76 பேரும் குற்றத்தை மறுத்தனர். இத்தாலியில் ரவென்னா சங்கமும் விடுவிக்கும் முடிவையே எடுத்தது. திருத்தந்தையின் ஆட்சிப் பகுதி போன்ற சில இடங்களில் மட்டும் பிரான்சில் கிடைத்தவற்றை ஒத்த ஒப்புதல்கள் கிடைத்தன.

வியேன் பொதுச்சங்கம்

1311 அக்டோபர் 16 அன்று பிரான்சின் தென்கிழக்கே ரோன் ஆற்றங்கரையிலுள்ள வியேன் நகரில் பொதுச்சங்கம் தொடங்கியது. சபைக்குத் தன் தரப்பைக் கூற வாய்ப்பளிக்கவேண்டும் என்று சங்கத்தில் கூடியோருட் பெரும்பான்மையினர் கருதினர். சபைக்காகப் பேசச் சில டெம்பிளர்கள் நேரில் வந்தபோது, கிளெமென்ட் அவர்களைக் காவலில் வைத்தார்.

1312 மார்ச் 20 அன்று பிலிப் படைப் பரிவாரத்துடன் வியேன் வந்துசேர்ந்தார். இரண்டு நாட்களில், மார்ச் 22 அன்று, சபையைக் கலைக்கும் ஆணை ஓலை உருவாயிற்று. ஏப்ரல் 3 அன்று அரசர் உடனிருக்க, சங்கத்தில் அது வாசிக்கப்பட்டது. இடையில் எவரும் பேசக்கூடாது என்று தடை விதிக்கப்பட்டிருந்தது. நீதித் தீர்ப்பால் அன்றித் திருத்தந்தையின் நிருவாக ஆணையால் சபை கலைக்கப்படுவதாக அந்த ஓலை தெளிவாகக் கூறுகிறது. கிடைத்த சான்றுகளின்படி சட்டமுறையில் சபையைக் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்க இயலாது. ஆனால் அதன் பெயர் மீட்க முடியாதபடி கெட்டுவிட்டது என்பது அதன் நிலைப்பாடு.

இதற்கிடையே பொனிஃபாஸ்மீதான வழக்கைப் பிலிப் கைவிட்டிருந்தார். 1311 ஏப்ரலில் கிளெமென்ட், பிலிப்பின் சமய ஆர்வத்தைப் புகழ்ந்து, நொகரேயையும் நிபந்தனைகளுடன் மன்னித்தார். இறந்த திருத்தந்தையின் பெயர் காக்கப்பட்டது. டெம்பிளர் சபை காக்கப்படவில்லை.

சொத்துகள்

1312 மே 2 அன்று வெளியான ஆணையின்படி, சபையின் சொத்துகள் ஹாஸ்பிட்டலர் சபைக்கு வழங்கப்பட்டன. ஐபீரியப் பகுதி இதற்கு விலக்கு. அங்கே வலென்சியாவில் 1317 இல் மொன்தேசா சபையும், போர்த்துக்கலில் 1319 இல் கிறித்துச் சபையும் டெம்பிளர் உடைமைகளைக் கொண்டு நிறுவப்பட்டன.

பிரான்சில் நிலங்கள் அரசருக்குச் சொந்தமாகவில்லை. ஆனால் ஐந்து ஆண்டுகளாக அவற்றின் வருவாய் அரச அதிகாரிகளின் கையில் இருந்தது. மேலும், டெம்பிளர்களிடம் அரசர் வைத்திருந்த பணத்திற்கு ஈடாக 2,00,000 லிவர் தருவதாக ஹாஸ்பிட்டலர் சபை 1313 இல் ஒப்புக்கொண்டது.

ஜாக் டி மொலேயின் முடிவு

1314 மார்ச்சில் மூன்று கர்தினால்கள் பாரிசின் நோத்ர் தாம் பேராலயத்தின்முன் நான்கு தலைவர்களுக்கு வாழ்நாள் சிறைத் தண்டனை அறிவித்தனர். இருவர் அமைதியாக ஏற்றனர். ஜாக் டி மொலேயும் நார்மண்டித் தலைவர் ஜொஃப்ருவா டி ஷார்னேயும் எழுந்து, சபை குற்றமற்றது என்றும், தங்கள் முந்தைய ஒப்புதல் பொய் என்றும் மக்கள்முன் அறிவித்தனர். கர்தினால்கள் மறுநாள்வரை ஆலோசிக்க எண்ணினர். அரசர் தம் அவையினரை மட்டும் கலந்து, அன்று மாலையே இருவரையும் செய்ன் ஆற்றிலுள்ள சிறு தீவில் எரிக்கச் செய்தார். இந்நாள் பெரும்பாலும் மார்ச் 18 எனக் குறிக்கப்படுகிறது.

அதே ஆண்டு ஏப்ரல் 20 அன்று கிளெமென்டும், நவம்பர் 29 அன்று பிலிப்பும் இறந்தனர். எரியும் தீயிலிருந்து மொலே இருவரையும் சபித்தார் என்ற கதை இதனையொட்டிப் பின்னாளில் வளர்ந்தது.

வரலாற்றாய்வாளர் கருத்துகள்

பாரிஸ் விசாரணை ஆவணங்களை வரலாற்றாசிரியர் ஜூல் மிஷ்லே 1841, 1851 ஆம் ஆண்டுகளில் இரண்டு தொகுதிகளாகப் பதிப்பித்தார். அதன்பின் சான்றுகளின் அடிப்படையில் வழக்கை ஆராய வழி ஏற்பட்டது. குற்றச்சாட்டுகள் அடிப்படையற்றவை என்பதே இன்று பெரும்பான்மை ஆய்வாளரின் முடிவு. சேர்ப்புச் சடங்கில் புதியவரின் கீழ்ப்படிதலைச் சோதிக்கும் முரட்டு வழக்கம் ஒன்று இருந்திருக்கலாம் என்று பார்பரா ஃபிராலே கருதுகிறார். அது சமய நம்பிக்கையைச் சார்ந்தது அன்று என்பதே அவருடைய முடிவும்.

அரசரின் நோக்கம் குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு. மால்கம் பார்பர் தமது 1978 ஆம் ஆண்டு நூலில் அரசின் பணத்தேவையை முக்கியக் காரணமாகக் காட்டினார். ஜூலியன் தேரி போன்றோர், திருத்தந்தைக்கு மேலாகத் தன்னை நம்பிக்கையின் காவலராக நிறுவிக்கொள்ள பிரெஞ்சு அரசுரிமை செய்த முயற்சியாக இதனைக் காண்கின்றனர். பிலிப் தம் குற்றச்சாட்டுகளைத் தாமே நம்பியிருக்கக்கூடும் என்போரும் உளர். இக்காரணங்கள் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. அரசரின் உள்நோக்கம் எதுவாயினும், வழக்கு நடந்த முறை அதனால் மாறவில்லை.

பிற்காலத்திலும் இம்முறை தொடர்ந்தது. 1431 இல் இங்கிலாந்துச் சார்புடைய சமய நீதிமன்றம் ஜோன் ஆஃப் ஆர்க்கை விசாரித்தது. மரண அச்சத்தில் தவற்றை ஒப்புக்கொண்ட அவர், சில நாட்களில் அதிலிருந்து பின்வாங்கியபோது, மீண்டும் வீழ்ந்தவர் என்ற அதே விதியின்கீழ் ரூவான் நகரில் எரிக்கப்பட்டார். அவருக்கு எதிரான தீர்ப்பு 1456 இல் செல்லாது என அறிவிக்கப்பட்டது. தீர்ப்பே வழங்கப்படாத டெம்பிளர் சபைக்கு அவ்வாறு திருத்தப்படுவதற்கு ஒரு தீர்ப்பும் இருக்கவில்லை.